ஒன்பதாவது அறை

குலசேகரத்தில், ரப்பர் ஷீட் கடைக்கு மேல்மாடியில்
எங்கள் கம்பெனி. இரண்டு பேர், மூன்று கம்ப்யூட்டர்.
கீழிருந்து ஏறிவரும் ஷீட் வாடைக்கு
மூக்கு பழகிவிட்டது.
கரண்ட் போவதற்குத்தான் இன்னும் பழகவில்லை.

நாங்கள் செய்த விளையாட்டில்
யாரையும் சுட வேண்டாம், ஓட வேண்டாம்.
கடல்நடுப் பாறையில் ஒரு கலங்கரை விளக்கம்,
பதினோரு அறைகள்,
கண்ணில் படுவதையெல்லாம் பைக்குள் போடலாம்:
அறுந்த வலை, சாவியில்லாத பூட்டு,
யாரோ கடித்துவைத்த மட்டிப்பழம்.

முதல் அறையின் மூலையில் ஒரு சிரட்டை,
அதில் கொஞ்சம் மீனெண்ணெய்.
எடுக்காமல் போனால்
ஒன்பதாவது அறையின் கீல் இளகாது.
திரும்பிப் போகப் படகும் இராது.
அந்த ஆள் சாகமாட்டான்.
ஜெயிக்கவும் மாட்டான்.
சும்மா நடந்துகொண்டே இருப்பான்.
"இது அநியாயமாக்கும்" என்றாள் பிரபிஷா.
அதுதான் வேணும் என்றேன் நான்.

விற்றது இருநூற்றுப் பன்னிரண்டு.
பணம் திரும்பக் கேட்டவர்கள் முப்பத்தேழு பேர்.
வாடகை கேட்டவர் ஒருவர்தான், ஆனால் தினமும்.

பணம் போடுகிறேன் என்றவர் வீடியோ அழைப்பில் வந்தார்.
பஸ்ஸில் நின்றபடி ஆட வேண்டும்,
ஓர் அறைக்கு மூன்று நிமிடம்,
முட்டி நின்றால் ஒரு அம்பு, மஞ்சளில்,
அம்பைத் தொட ஒரு விளம்பரம்.
அவர் பேசும்போது பின்னால் ஒரு குழந்தை
வேறேதோ விளையாட்டில்
எதையோ வெடித்துக்கொண்டே இருந்தது.

சிரட்டையைத் தூக்கினோம்.
கதவு இப்போது தொட்டால் திறக்கும்.
பிரபிஷா மூன்று முறை வரைந்தாள் அம்பை.
கடைசியில் ஒத்துவந்தது
அந்த மட்டிப்பழத் தோலின் மஞ்சள்.
"கொள்ளாம்" என்றேன்.
பொய்யில்லை, நன்றாகத்தான் இருந்தது.

பதினாறாயிரம் பேர் இறக்கினார்கள்.
வாடகை கொடுத்தாயிற்று.
இன்வெர்ட்டர் வாங்கியாயிற்று.

நேற்று கணக்கு பார்க்கையில் ஒருவர்,
பெயரில்லை, எண் மட்டும்,
ஒன்பதாவது அறையில் நாற்பத்தொரு நிமிடம்.
அம்பு துடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.
தொடவில்லை.
சுவர், கூடை, ஜன்னல், கடல், மறுபடி ஜன்னல்,
எங்கெல்லாமோ தொட்டிருக்கிறார்
நாங்கள் எதுவுமே வைக்காத இடங்களில்.

"தூங்கியிருப்பாரு மக்கா, கை பட்டிருக்கும்."
இருக்கலாம்.
சாயங்காலம் மெயில் வந்தது:
ஒன்பதாவது அறையில் பயனர் திணறுகிறார்,
சரிசெய்யவும்.

சரிசெய்யத்தான் உட்கார்ந்தேன்.
விடியும்போது ஜன்னலுக்குக் கீழே
ஒரு சிரட்டை இருந்தது.
எண்ணெய் இல்லை. எதையும் திறக்காது.
தொட்டால் லேசாக உருளும், அவ்வளவுதான்.

பிரபிஷாவிடம் இன்னும் சொல்லவில்லை.