பட்டிக்குக் காசில்லை

கீழக்கரை ஜெட்டிக்குப் பின்னால்
உடைமர நிழலில் நின்றது
அந்தக் குட்டி யானை.
இரண்டாயிரத்துப் பத்து மாடல், மூன்றாம் கை.
"டிஎன் அறுபத்தஞ்சு. வேற ஊர்க் காத்தே பட்டதில்ல"
என்று அதையும் ஒரு தகுதியாகச் சொன்னார்
சீனி இபுராம்சா.
எனக்கு அதுதான் பயம்.

பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைத்
துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன்.
கதவில் ஒட்டியது.
முகப்பில் ஒட்டியது.
பின்சக்கரத்துக்கு மேல் வளைவில் வைத்ததும்
வழுக்கி என் கையிலேயே விழுந்தது.
அங்கே தகரம் இல்லை. வெறும் பட்டி.
அதன்மேல் புது வெள்ளை பெயிண்ட்,
விழுந்த பல்லை
உதட்டால் மூடிச் சிரிப்பதுபோல.

அவர் கோபப்படவில்லை.
"கடக்கரை வண்டியில துரு இல்லேன்னா
யாரோ பொய் சொல்லிருக்காகன்னு அர்த்தம்."
அப்படியென்றால் இந்தப் பெயிண்ட் யார் சொன்னது
என்று கேட்க நினைத்தேன்.
கேட்கவில்லை. விலை பேச வைத்துக்கொண்டேன்.

ரப்பர் விரிப்பைத் தூக்கினேன்.
பிரேக்குக்குக் கீழே
ஐந்து ரூபாய்க் காசளவு ஓட்டை.
அதன் வழியே மணல், ஒரு சிப்பித் துண்டு,
அவசரமாகப் போகும் ஒரு கட்டெறும்பு.

பதினோரு வருசமாக
உப்பை நம்பிப் பிழைக்கிறவள் நான்.
நெத்திலியை எட்டு மாதம் காத்துக் கொடுக்கிற அதே உப்பு
இந்தத் தரையை எப்போது தின்னத் தொடங்கியது?
இதற்கு முன்னால் நண்டு ஏற்றினார்களாம்.
ஐஸ் உருகி வடிந்த தண்ணீரெல்லாம்
இங்கேதான் தங்கியிருக்கும்.
நான் மட்டும் என்ன ஏற்றப் போகிறேன்,
பஞ்சு மூட்டையா?

வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தான் சாத்தையா.
ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டினான்.
டங். டங். டங்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஒன்பதாவது தட்டு, டொப்.
கடலில் காற்று விழுந்த மாதிரி
மூவரும் பேசாமல் இருந்தோம்.
பிறகு மறுபடியும் டங்.

புருவமெல்லாம் செம்பொடியோடு எழுந்து வந்தான்.
"சேஸ் நிக்கும்க்கா. தரைதான் அப்பளம்."
"அப்பளத்துக்கு எவ்வளவு?"
"தகடு, வெல்டிங், டிங்கரிங், இருபத்திரெண்டு.
எஃப்சி தனி."

திருப்பூரிலிருந்து மகன்
படத்தைப் பார்த்துவிட்டு ஃபோன் அடித்தான்.
"வேணாம்மா. லோன் போட்டுப் புதுசே எடுப்போம்."
புதுசுக்குத் தவணை அறுபது மாதம்.
கச்சான் காற்று அறுபது மாதம் பொறுக்குமா?

போன ஐப்பசியில்
வருகிறேன் என்ற வாடகை வண்டி வரவில்லை.
ஏர்வாடி விலக்கில்
நாற்பது கிலோ சீலாக் கருவாடு
மழையில் நனைந்து நாறியது.
தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அன்றைக்கு ஒரு வண்டி வந்திருந்தால்
ஓட்டையா என்று குனிந்து பார்த்திருப்பேனா?

சாவியைத் திருகினேன்.
மூன்றாவது திருகலில் பிடித்தது.
கதவு ஒரு பேச்சு, தளம் ஒரு பேச்சு,
பின்பலகை எல்லாவற்றுக்கும் எதிர்ப்பேச்சு.
என்ஜின் மட்டும் தன் வேலையைப் பார்த்தது.

"ஒண்ணு பதினஞ்சு" என்றார்.
"எம்பத்தஞ்சு."
சிரித்துவிட்டுக் கடலைப் பார்த்தார்.
"ஒண்ணு அஞ்சு. அதுக்குக் கீழ முடியாதும்மா."
"எம்பத்தெட்டு.
அந்தப் பட்டிக்கு நான் காசு தரமாட்டேன்."
தாடியைத் தடவினார்.
அசர் தொழுதுவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

பஸ் ஏறி, டிக்கெட்டை முந்தானையில் முடிந்தபோதுதான் பார்த்தேன்,
துணி இருக்கிறது, காந்தம் இல்லை.
எங்கே விட்டேன் என்று தெரியும்.
கதவுக்குள்பக்கத் தூணில்,
இரண்டு கையால் இழுத்தும் வராத இடத்தில்.

மாயாகுளம் தாண்டவில்லை இன்னும்.
இறங்கினால் எடுத்துவிடலாம்.
கண்டக்டர் விசில் ஊதினார்.
ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கையை
எடுத்துப் பார்த்தேன்.
அதிலும் துரு.
பஸ் போய்க்கொண்டிருந்தது.