ஆணி இல்லாமல்

ஆம்பூரில் எட்டு வருஷம்
இடது கால் ஷூவுக்கு மட்டும் பசை தடவினேன்.
வலது காலுக்கு எதிர் வரிசையில் கோமளா.
மணிக்குத் தொண்ணூறு.
பெட்டிமேல் ஏதோ ஒரு தேசத்தின் பெயர்,
எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள்
அடுத்த பெட்டி வந்துவிடும்.
போட்டு நடந்தவர் ஒருவரையும்
நான் பார்த்ததில்லை.

குறை சொல்லவில்லை. ஒன்றாம் தேதி சம்பளம் வந்தது.
பாலாற்றுப் பாலத்தில் கம்பெனி பஸ் ஏறும்போது மட்டும்
வெறும் மணலைப் பார்த்தபடி
எதையோ மறந்து வைத்துவிட்டு வந்ததுபோல இருக்கும்.
பையைத் தடவிப் பார்ப்பேன்.
டிபன் பாக்ஸ், குடை, சாவி.
எல்லாம் இருக்கும்.

இப்போது வேலூருக்கு வெளியே
பாறைக் குன்றின் அடியில்
தொழுநோய் ஆஸ்பத்திரியின் செருப்புக் கொட்டகை.
சம்பளம் மூவாயிரம் குறைவு,
அம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.
முதல் நாள் சொன்னது ஒன்றுதான்:
ஆணி அடிக்காதே.
ஆணி மேலே கிளம்பினாலும்
இந்தக் கால்களுக்குத் தெரியாது.

முனிரத்தினம்
மச்சான் வண்டியில் பின்னால் உட்கார்ந்து
கண்ணமங்கலத்திலிருந்து வேலூர் வரை
சைலன்சர்மேல் கால் வைத்தபடி வந்தவர்.
ஏதோ கருகுதே என்று
மச்சான்தான் வண்டியை நிறுத்தினாராம்.
சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

பழுப்புக் காகிதத்தில் அவர் பாதத்தை வைத்து
பென்சிலால் சுற்றி வரைகிறேன்.
மற்றவர்க்கானால் கூசும்.
அவர் கூரைப் பல்லியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.
இரண்டு விரல் இல்லாத இடத்தில்
கோடு தயங்கி, உள்ளே போய், வெளியே வருகிறது
ஏரிக்கரை மாதிரி.

கறுப்பு ரப்பரில்
புண் ஆறிய இடத்துக்கு நேரே
ஐந்து ரூபாய்க் காசளவு ஒரு பள்ளம்.
அதில் என் கட்டைவிரலை விட்டுச் சுற்றுகிறேன்.
உறுத்துகிறதா என்று
அவரைக் கேட்க முடியாது.
என்னைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சந்தோஷமா இருக்கியா என்று
கோமளா போனில் கேட்டாள்.
என்ன சொல்வது.
மே மாதம், தகரக் கூரை, ரப்பர் நாற்றம்.
போன வாரம் ஒரு ஜோடி பிசகி
பச்சையம்மாள் காலில் மறுபடி புண்.
அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.
ஆம்பூரில் ஆயிரம் ஜோடி திரும்பி வந்த அன்றும்
நன்றாகத்தான் சாப்பிட்டேன்.
இதைச் சொன்னேன்.
"அப்ப இங்கயே வந்துடு,
ஆள் எடுக்கிறாங்க" என்றாள்.

முனிரத்தினம் புதுச் செருப்போடு
வேப்பமரம் வரை போய்த் திரும்பினார்.
எப்படி இருக்கு என்றேன், பழக்கதோஷத்தில்.
"எனக்கென்னம்மா தெரியும்,
நீதான் சொல்லணும்."
அரை மணி நடக்கவிட்டு
பாதத்தைத் திருப்பி, வெளிச்சத்தில் பார்த்தேன்.
சிவப்பு இல்லை.
பள்ளத்தைச் சுற்றி இல்லை, குதிகாலில் இல்லை.
இன்னொரு தடவை பார்த்தேன்,
இல்லாததைப் பார்க்கவே.

அன்று பஸ்ஸில் பையைத் தடவவில்லை.
மழை பிடித்து, தெருமுனையில் இறங்கி
கையை உள்ளே விட்ட பிறகுதான் தெரிந்தது
குடையை நிஜமாகவே
கொட்டகையில் விட்டுவிட்டேன்.