இரண்டு ஜீபி நினைவகம்

மூடியைக் கழற்றினால்
மூன்று திருகாணி துருவேறிக் கிடக்கிறது.
வெள்ளவத்தைக் கடல் கடைக்குள் வருவதில்லை.
அதன் உப்பு வரும்,
மாலையில், வாடகை கொடுக்காமல்.

"இதுக்குப் புது வின்டோஸ் போட ஏலா அக்கா"
என்கிறான் ஃபர்ஸான்.
பம்பலப்பிட்டியில் அவனுடைய கடை
ஒரு மேசையும் தூசி ஊதும் மோட்டாரும்.
"ரெண்டு ஜீபிதானே.
ஒரு முட்டையை அவிச்சு வெச்சிட்டு
நாப்பது பேருக்கு புரியாணி எண்ட மாதிரி."

எக்ஸ்பியோடேயே கிடக்கலாம்,
இன்டர்நெட் பக்கம் மட்டும் விடக்கூடாது.
ஏழு போடலாம்,
அவன் லாச்சியில் ஒரு சிடி இருக்கிறது,
எங்கே எடுத்தாய் என்று நான் கேட்கக்கூடாது.
இல்லாவிட்டால் லினக்ஸ்,
அதிலும் மெலிந்தது, லுபுண்டு.
காசு?
"ஒண்டும் இல்ல."

காசில்லாத சாமானில் எனக்கு நம்பிக்கை குறைவு.
போட்டோகொப்பிக் கடைக்காரி நான்,
பக்கத்துக்குப் பத்து ரூபா வாங்குகிறவள்.
ஆனாலும் கேட்கக்கூடாத சிடியோடு
ஒரே மேசையில் இருக்க என்னால் முடியாது.
லுபுண்டு என்றேன்.

"பொறுங்க, மொதல்ல இத மாத்துவம்."
நகத்தால் கிண்டி எடுத்தான்,
சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பற்றரி.

இந்தப் பெட்டி காலையில்
இரண்டாயிரத்து ஒன்பது, ஜனவரி ஒன்றில்தான் கண்விழிக்கும்.
அம்பை அமத்தி அமத்தி
நான் அதை இன்றைக்குக் கூட்டிவருவேன்.
ஷட்டர் தூக்குவது, ஊதுபத்தி,
பிறகு இந்தப் பதினைந்து பதினாறு வருசம்.
அது பழுதென்று நினைத்ததேயில்லை.

"நூத்தியம்பது ரூபா அக்கா இது.
இவ்வளவு காலமுமா?"

இவ்வளவு காலமும்தான்.

பென்னிலிருந்து ஏறிக்கொண்டிருக்கையில்
திரையில் உலகப்படம் வந்தது.
நீ எங்கே என்று கேட்டது.
முதல் தடவை கை தவறிக் கடலில் அமத்தினேன்,
மாலைதீவு என்றது.
கரையோர ரயில் போனது, மேசை ஆடியது,
இரண்டாம் தடவையும் கடல்.
மூன்றாவதில் கொழும்பு.

வேகமாகத்தான் இருந்தது.
கடன் கணக்கைத் திறந்தேன்.
எஃப், எல், டி, அரைப்புள்ளி.
கடன் என்ற சொல்லே அப்படித்தான் நின்றது,
பாமினி எழுத்துரு இல்லாமல்
உடுப்பைக் களவு கொடுத்தவன் மாதிரி.
கீழே பெயர்கள், தொகைகள், எல்லாம்
யாருக்கும் விளங்காத ஆங்கிலத்தில்.
"விடுங்க அக்கா," ஃபர்ஸான் சிரித்தான்,
"எல்லாரும் தப்பிட்டாங்க."

ஒரு நிமிடம் நானும் விட்டுத்தான் பார்த்தேன்.

பழைய டிஸ்க்கில் கிடந்த எழுத்துருவைத் தேடிப் போட்டான்.
ஒவ்வொருத்தராக எழும்பினார்கள்:
ரட்ணசோதி டீச்சர், வினாத்தாள், நூற்றிப்பத்து.
சலூன் கிருபா, விலைப்பட்டியல், அறுபது.
மாடிவீட்டு மிஸ்டர் பீரிஸ், தான் தரவே இல்லை என்பவர்.
பதினேழாம் வரியில் பெயர் இல்லை.
பச்சைச் சட்டைத் தம்பி என்று எழுதியிருக்கிறேன்.
பொலிஸ் பதிவுப் பாரம், எட்டுப் பிரதி,
இருபத்துநாலு ரூபா.
பெட்டி வாங்கிய அதே ஆண்டு, ஏப்ரல்.
எதிரே என் கையால் தட்டிய குறிப்பு:
நாளைக்குத் தாறாராம்.

முகம் ஞாபகமில்லை.
எட்டு எதற்கு என்று கேட்டேனா,
அதுவும் ஞாபகமில்லை.
சட்டை மட்டும் பச்சை.

இன்றைய விலைக்கு எண்பது என்று மாற்றினேன்.
அழித்தேன்.
இருபத்துநாலாகவே வைத்தேன்.

ஃபர்ஸான் கூலி எடுத்துக்கொண்டு போனான்,
பற்றரிக்குத் தனியாக நூற்றைம்பது.

மறுநாள் ஷட்டரைத் தூக்கி, பத்தி கொளுத்தி,
பழக்கத்தில்
அம்பைத் திகதியின் மேல் கொண்டுபோனேன்.
சரியாக இருந்தது.
அடையாள அட்டையோடு ஒருவர் வந்து நின்றார்,
இரண்டு பக்கமும் ஒரே தாளில் வேண்டுமாம்.
கை இன்னும் மவுஸில்தான் இருந்தது.