ஃபஜாரில் இறங்க வேண்டியவள்

மலாயில் ஃபஜார் என்றால் விடியல்,
செஞ்சா என்றால் அந்தி.
விடியலில் இறங்க வேண்டியவள்
இன்றும் அந்தி வரை போய்விட்டேன்.

நல்லவேளை, புக்கிட் பாஞ்சாங்கின் சிறு ரயில்
வட்டமாய் ஓடுகிறது.
தவறவிட்ட நிலையம்
கோபித்துக்கொள்ளாமல் மறுபடி வரும்.
வீடு வாங்குகிறவர்கள்
பள்ளிக்கூடம் பக்கமா, ஈரச்சந்தை பக்கமா என்று பார்ப்பார்கள்.
நான் இதைப் பார்த்தேன்.
வீவக அதிகாரியிடம் சொல்லவில்லை.

அடுக்குமாடிகளை ஒட்டி வளையும்போது
ரயிலின் கண்ணாடி தானாகவே வெளுத்து மங்கும்,
யார் வீட்டுக் கூடமும் தெரியாதபடி.
அப்படி ஒன்று என் தலையில் இல்லை.
எல்லா வீட்டுக் கூடமும் தெரியும் எனக்கு
எந்நேரமும்,
விளக்கெல்லாம் போட்டபடி.

உயர்நிலை இரண்டில் தமிழாசிரியை எழுதினார்:
கெட்டிக்காரி. குரங்குப் புத்தி.
பெட்டிர் ரோட்டோரக் குரங்குகளை
இப்போது நின்று பார்க்கிறேன்
(தாமதத்துக்கு அதுவும் ஒரு காரணம்).
ஒன்றுகூடக் கிளையைத் தவறவிட்டதில்லை.

முப்பத்தொன்பது வயதில்
டாக்டர் க்வெக் ஒரு படிவம் நீட்டினார்.
பொருள்களைத் தொலைப்பதுண்டா?
அரிதாக, சில வேளை, அடிக்கடி, மிக அடிக்கடி.
வீட்டில் நிரப்பி எடுத்துவரச் சொன்னார்.
படிவத்தைத் தொலைத்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
இன்னொன்று கொடுத்தார்,
இங்கேயே உட்கார்ந்து எழுதுங்கள் என்று
பேனாவும் கொடுத்தார்.
நான் அழுதது அந்தப் பேனாவுக்காக.

வேலை,
பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள் முகப்பு.
குணாளன் இதை எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான்.
சிரிக்கட்டும்.
குடைகள், ஒரு பல்செட்டு,
பூப்பந்துக் காலணியில் இடது மட்டும்,
பாதி பின்னிய கம்பளிக் கை
இந்த ஊர் வெயிலில் யாருக்கோ.

போன வாரம் ஹம்சா என்றொருவர்
மனைவியின் ஸ்கேன் உறையைத் தேடி வந்தார்.
எங்கே வைத்தீர்கள் என்று
மூன்று முறை கேட்டார் ரொஸ்லின்டா.
எங்கே என்று தெரிந்தால் அவர் ஏன் இங்கே வருகிறார்?
நான் கேட்டேன்:
அப்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?
நெடுநேரம் பேசவில்லை.
மீன் வாங்குவதா வேண்டாமா என்று, என்றார்.
அவளுக்கு இப்போதெல்லாம் வாடை ஆவதில்லை.
மீன்கடைக்கு ஃபோன் போட்டோம்.
ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில்
நனையாமல் இருந்தது உறை.

காலை ஏழரைக்கு ஒரு மாத்திரை.
அதிசயம் ஒன்றுமில்லை,
சந்தையில் யாரோ ஒலிபெருக்கியைக் குறைத்ததுபோல.
சந்தை அங்கேயேதான் இருக்கிறது.

சாவிக்குக் கதவோரம் ஒரே கொக்கி.
சமையலறை அலமாரிக் கதவுகளைக் கழற்றிவிட்டோம்;
கண்ணில் படாதது எனக்கு உலகிலேயே இல்லை.
வருகிறவர்களுக்குப் பருப்பும் புளியும் தெரிந்தால் தெரியட்டும்.
மின்சாரக் கட்டணத்தை வங்கியே கட்டிக்கொள்கிறது.
அதற்கு முன் நான் அழுத அபராதத்தில்
ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கலாம்.

கல்யாணமான புதிதில்
சொன்னேனே என்பான் குணாளன்.
கேட்கவே இல்லையே என்பேன்.
இரண்டும் உண்மை.
இப்போது முழங்கையைத் தொட்டுவிட்டுப் பேசுகிறான்.
சில நாள் தொட்டதையே நினைத்துக்கொண்டு
சொன்னதை விட்டுவிடுகிறேன்.
அதற்கு அவன் குறைப்பட்டதில்லை.

நேற்று ஒரே துணியை மூன்றாம் முறை துவைத்தேன்,
இயந்திரத்துக்குள்ளேயே மறந்து புளித்துப்போய்.
முன்பென்றால் அதன்முன் உட்கார்ந்து
நாற்பது வருடத்தையும் சேர்த்து அலசியிருப்பேன்.
நேற்று சோப்பு மட்டும் போட்டேன்.

இதோ மறுபடி
பெட்டிர், பெண்டிங், பங்கிட்.
பை. குடை. கைப்பேசி. சாவி.
தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுந்து நிற்கிறேன்.
கண்ணாடி மங்குகிறது.
மங்குமுன் பார்த்துவிட்டேன்:
நாலாம் மாடியில் ஒருவர்
தொட்டிச் செடிக்குக் குடை பிடித்தபடி
நிற்கிறார், மழையே இல்லாமல்.

ஏன் என்று யோசிக்கலாம்.
இறங்கிய பிறகு.