பதினாலு நிமிஷப் பாட்டு

வண்ணார்பேட்டையில்
டிராக்டர் உதிரிபாகக் கடைக்கு மேல்மாடி, எங்கள் நிலையம்.
ராக் மட்டும். அதுவும் பழசு மட்டும்.
நேயர்கள் மூன்று பேர் என்று கணக்கு;
அதில் ஒருவர் ரேடியோவை அணைக்கத் தெரியாதவர்.

ராத்திரி ஷிப்ட் நான், ஜெபக்கனி.
இரண்டேகாலுக்கு அந்த இசைத்தட்டைச் சுழலவிடுவேன்.
பதினாலு நிமிஷம்,
பாதிக்கு மேல் கிட்டார் தனியாக ஒப்பாரி வைக்கும்.
அதற்குள் படியிறங்கி, பாலத்தடியில்
இரண்டு பரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட்,
கை கழுவி மேலே வர
கடைசி அடி டிரம்மில் விழும்.
கலை என்றால் இதுதான் என்று நம்பியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை தட்டைக் காணோம்.
உறை இருக்கிறது. உள்ளே
வட்டமாக வெட்டிய காலண்டர் அட்டை,
அதில் பாதி நவம்பர்.

மேனேஜர் தனுஷ்கோடி குதித்தார்:
‘இந்த இரைச்சலத் திருட ஒருத்தன் வந்தான்னா
அவன் காத மொதல்ல டாக்டர்ட்ட காட்டணும்வே!’
டெக்னீஷியன் மைதீன் சம்பளத்தில் முந்நூறு பிடித்தார்.

பசியோடு துப்புத் துலக்கினேன்.
வாட்ச்மேன் இசக்கிமுத்து பத்துக்கே உறங்கிவிடுவார்,
கொசுக்கள் சாட்சி.
மைதீன் ஊசியைத்தான் பார்ப்பார், பாட்டு அவர் காதில் ஏறாது.
கீழ்க்கடைப் பூனைமேல்கூட
ஒரு மணிநேரம் சந்தேகப்பட்டேன்.

மூன்று ராத்திரி, மூன்று நிமிஷப் பாட்டுகள்.
மூன்று நிமிஷத்தில்
பரோட்டாவைப் பிய்க்கத்தான் முடியும்.

வெள்ளி, இரண்டேகால். போன்.
துண்டால் பொத்திய குரல்:
‘பேட்டையிலேருந்து ஒரு நேயர். அந்தப் பெரிய பாட்டு என்னாச்சு?
மூணு நாளா உறக்கமில்ல.’
சொல்லும்போதே, அவருக்குப் பின்னால்,
மெல்ல,
கிட்டார் அழுதது.
ஆறாவது நிமிஷம்: டக், டக்.
இரண்டே விக்கல்.
அந்தக் கீறல் நான் போட்டது,
டிபன் பாக்ஸ் மூடியால்.
பெற்றவளுக்குத் தெரியாதா?

அதற்கும் பின்னால் ஒரு பெண்குரல்:
‘ஏங்க, ஆபீஸ் சாமான ஆபீஸ்லயே வச்சிட்டு வந்தா என்ன?
பிள்ளைக்குக் காலையில பரீட்சை!’

குரல் இருமியது.
சம்பளம் பிடிக்கும்போது வருகிற
அதே இருமல்.

‘லைன்லயே இருங்க, சார்,’ என்றேன்,
‘சார்’ மட்டும் கொஞ்சம் அழுத்தி.
முந்நூறைக் காலையில் பேசிக்கொள்ளலாம்.
ரிசீவரை மைக்கின்மேல் சாய்த்துவைத்தேன்.
சிவப்பு விளக்கு எரிந்தது.
ஊருக்கெல்லாம் பாட்டு, கள்ளன் வீட்டிலிருந்து நேரடியாக.

இன்னும் எட்டு நிமிஷம் இருக்கிறது.
ஆம்லெட்டை விட்டுவிட்டால்
போய் வந்துவிடலாம்.