உலர்ந்த இடம்

பாபநாசம் முன்சீப் கோர்ட்டின் அரக்கை
அமீனா நகத்தால் பெயர்த்தார்.
முப்பத்தாறு வருடம் சீல் வைத்த கொட்டகைக்குள்
வௌவால் எச்சத்துக்கும் சாக்குக்கும் அடியில்
இடுப்புயரத்தில் ஒரு டிராக்டர்.
வாழை வரிசையில், கொடிக்கால் சந்தில்
இலை கிழியாமல் புகுந்து வர
அளந்து செய்த உடம்பு.

"என்ன வண்டி, எந்த வருஷம், என்ன விலை.
மூணும் வேணும்" என்றார் கமிஷனர் வக்கீல் ரெஜினா,
மூக்கில் கைக்குட்டையோடு.

பெயர்ப்பலகையை நான் எடுத்ததும் நம்புவதில்லை.
நாலு திருகில் ஒன்று வேறு முகமாயிருந்தால்
பலகை எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது.
இதில் நாலும் ஒரே ஈற்றுக் குட்டிகள்.
ஜப்பான் எழுத்து மூன்று.
வாசிக்கத் தெரியாது, வரைந்துகொண்டேன்.
சீட்டுக்கு அடியில் விரலை விட்டேன்.
வெயில் படாத இடத்தில்தான் வண்டி உண்மை பேசும்:
பரங்கிப்பூ மஞ்சள், ஒரே பூச்சு.
எஞ்சின் முதுகைத் தேங்காய் நாரால் தேய்க்க
வார்ப்பில் எண்பத்தாறு.
ஓடியது நூற்று நாற்பது மணி நேரம்.
டயரில் அச்சிலிருந்து வந்த ரப்பர் முடி
ஓரத்தில் இன்னும் உதிரவில்லை,
பத்தாவது படிக்கிற பையனின் மீசை மாதிரி.

பிறகுதான் சங்கடம்.
இத்தனை வருடம் சும்மா நின்ற எஞ்சினில்
பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றாகிப்போயிருக்கும்,
பிரிக்கச் சம்மட்டி வேண்டும்.
ஃபிளைவீலில் கை வைத்தேன்,
மாவு நிறைந்த கிரைண்டராய் வழுக்கிச் சுற்றியது.
டேங்கை முகர்ந்தேன்.
தாராகியிருக்க வேண்டிய டீசலில்
போன வாரத்து பங்க் வாசனை.

முன் அச்சில் தேன் நிறக் கிரீஸ்.
தேன் மேல் கறுப்பு, கறுப்பு மேல் தேன்,
வெள்ளம் வந்து வந்து போன படுகையை
வெட்டிப் பார்த்த மாதிரி
அடை அடையாய்.

நிமிர்ந்தேன்.
கூரையில் மூன்று ஓடு மட்டும் புதுசு.
வாய்க்கால் பக்கத்து ஜன்னலில்
கழற்றி மாட்டுகிற கம்பி.
வாசலில் அண்ணன் பக்கிரிசாமி தென்னையைப் பார்த்தபடி,
தம்பி நாடிமுத்து தன் செருப்பைப் பார்த்தபடி.
அப்பனின் கருமாதி அன்று நின்ற பேச்சு.
வயலைப் பாதியாக்கலாம், தென்னையை எண்ணிப் பிரிக்கலாம்,
வண்டியை எந்தக் குறுக்கில் அறுப்பது?

விலை சொல்வது என் பிழைப்பு.
பேரீச்சம்பழக்காரன் தராசில் பதினெட்டாயிரம்.
உழுகிற வண்டி என்றால் தொண்ணூறு.
பொள்ளாச்சியில் ஒரு மில் முதலாளி
பழைய வண்டிகளை ஷெட்டில் நிறுத்தி
தினமும் துடைத்துக்கொண்டிருக்கிறார்.
அவர் கண்ணில் பட்டால் மூன்று லட்சம்,
உள்ள கோலத்திலேயே.
மூன்று என்று போட்டேன்.

படிவத்தில் அடுத்த கட்டம், நிலை.
மிக நன்று.
அதற்கும் அடுத்தது, காரணம்.
பேனா நின்றது.
உள்ளதை எழுதினால்
இருவர் மேலும் கோர்ட்டு சீலை மீறிய குற்றம்.

உலர்ந்த இடம், என்று எழுதினேன்.

ரெஜினா வாசித்தார். சுவரைப் பார்த்தார்.
குடமுருட்டியின் ஈரம்
இடுப்பளவு ஏறி உப்புப் பூத்திருந்தது.
கைக்குட்டையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டு
கையெழுத்துப் போட்டார்.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது.
டீக்கடை மறைவில் நாடிமுத்து
பக்கத்தில் வந்து நின்றார்.
விலையைக் கேட்பார் என்றிருந்தேன்.

"அந்தக் கறுப்பு கிரீஸ் வேணாம் சார்,
சித்திரை வெயிலுக்கு ஒழுகுது.
நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.
நீங்களா சொன்னா
கேப்பாரு."