பைன் பெட்டி

வடக்கே போய்த் தறி பார்த்துவந்த
நாலாம் மாசம்
பல்லடத்துக்கு வந்துசேர்ந்தது பெட்டி.
சென்னியப்பன் ஆணி பிடுங்கினார்.
அறுபத்துமூன்று.

அந்த ஊரில்
ஆணியே அடிக்காத ஒரு கோயில், முழுக்க மரம்.
வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தேன்;
முழங்கால் வரை பூட்ஸ்.
ஏரிமேல் காரிலேயே போனோம்.
அதற்கப்புறம் காடு,
இரண்டு மணி நேரமும் அதே காடு.

“ஏரி மேலயாங்க?”
என்றவர், பலகையை மோந்து பார்த்தார்.
இங்கத்து வெயிலுக்கு
பிசின் மறுபடி கசியத் தொடங்கியிருந்தது.

தறி ஓடியதும் பேச்சு கேட்கவில்லை.

சாயங்காலம் அவர் சைக்கிளில்
நாலு பலகை கட்டியிருந்தது.
கோழிக்கூட்டுக்காம்.
கேட்டைத் தாண்டியவர் திரும்பி வந்து
ஆணிகளையும்
எண்ணி வாங்கிக்கொண்டார்.